ஒலியும் அறையும்



நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுக்குக் கற்பித்த பெரியவர்கள் ஓர் அறிவுரையைத் திரும்பத் திரும்பக் கூறுவார்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்குக் கேட்கும்படி பேசுங்கள். அவனுக்குக் கேட்டால் அனைவருக்கும் கேட்கும் என்பதே அது. நானும் அதைத் தலைமேற்கொண்டு, உரத்த குரலே நல்லாசிரியனுக்கு இலக்கணம் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

1996-ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பள்ளியில் ஒரு புதிய கூடம் கட்டினார்கள். நீண்டு உயர்ந்த கூடம், வழுவழுப்பாகப் பூசிய சுவர்கள், சிமெண்டுத் தரை, கான்கிரீட் கூரை. கண்ணுக்கு அழகாகவே இருந்தது. மூன்று வகுப்புகளை ஒன்றுசேர்த்து அங்கே பௌதிகம் நடத்தத் தொடங்கினேன். பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. குரலை உயர்த்தினேன், சலசலப்பு மிகுந்ததே அன்றிக் குறையவில்லை. ஒரு மாணவனை எழுப்பி, பாடத்தில் ஏன் கருத்தில்லை என்று அதட்டினேன். அவன், “சார், நீங்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது. என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை” என்றான். அதைத் துடுக்கு என்று கொண்டு, பாடம் முடியும் வரையில் அவனை நிற்க வைத்தேன். அன்று அவன் கூறியது ஒலியியலின் ஓர் அடிப்படை உண்மை என்பது சில ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிய வந்தது. கோடை விடுமுறைப் பயிற்சிக்காக ஒரு கல்லூரியில் தங்கியிருந்தபோது, அதன் நூலகத்தில் ஸேபைன் என்பாரின் கட்டுரைத் தொகுதி என் கைக்கு அகப்பட்டது. அதன் முதற் சில பக்கங்களிலேயே என் பள்ளிக் கூடத்தைக் கண்டேன்.

வாலஸ் கிளமென்ட் ஸேபைன் 1868-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பௌதிக ஆசிரியராக இருந்தார். டாக்டர் பட்டம் அவர் பெற்றவரல்லர். 1895-இல் அப்பல்கலைக் கழகம் ஃபாக் கலைக்கூடம் என்ற புதிய கட்டடத்தைத் திறந்தது. அதன் விரிவுரை மண்டபத்தில் ஒருவர் சாதாரணக் குரலில் ஒரு சொல்லைக் கூறினால், அவ்வொலி அடங்குவதற்கு ஐந்தரை விநாடி பிடித்தது. அதற்குள் பேசுபவர் மேலும் பன்னிரண்டு, பதினைந்து அசைகளைச் சொல்லி முடித்துவிடுவார். முன் சொன்னவற்றின் எச்சமெல்லாம் பின் வரும் சொல்லின்மேல் வந்து குவிந்தால் கேட்பவனுக்கு என்ன விளங்கும்? கேட்கிறது; தெரியவில்லை. என் மாணவன் சொன்னது இதுவே. இவ்வாறு ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி நீடிப்பதை எதிர்முழக்கம் என்கிறோம்.

இதற்கு ஒரு வழி காணுமாறு பல்கலைக் கழகத் தலைவர் எலியட், ஸேபைனைக் கேட்டுக்கொண்டார். அப்போது ஸேபைனுக்கு இருபத்தேழு வயது. கட்டட ஒலியியல் என்று சொல்லத் தக்க அறிவியல் அந்நாளில் ஏறக்குறைய இல்லை. மண்டபத்தின் குறுக்கே கம்பிகளைக் கட்டினால் எதிரொலி அடங்கும் என்பது போன்ற நம்பிக்கைகளே உலவின. ஸேபைன் கையாண்ட கருவிகளைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். காற்றழுத்தத்தால் ஒலிக்கும் ஓர் ஆர்கன் குழல், காலத்தைப் பதிவு செய்யும் ஒரு கருவி, தம்முடைய செவிகள், இவற்றோடு அருகிலிருந்த ஸாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகள். அவ்வரங்கு ஒலிநயத்துக்குப் பெயர் பெற்றது. அதன் பெஞ்சுகளில் கிடந்த மெத்தைகளை இரவில் உதவியாளர்களுடன் சுமந்து வந்து மண்டபத்தில் சிறிது சிறிதாகப் பரப்புவார். குழலை ஒலிக்கச் செய்து, நிறுத்தி, ஒலி முற்றிலும் அடங்கும் வரையில் செல்லும் காலத்தை அளப்பார். பகலில் தெருவின் இரைச்சல் இடையூறு செய்யும். ஆகவே நள்ளிரவுக்குப் பின்னரே அளவைகள் நடைபெறும். விடிவதற்குள் மெத்தைகளை எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிட வேண்டும்.

தாம் அணிந்திருக்கும் உடையும் ஒலியை விழுங்குகிறது என்பதையும் அவர் கண்டார். அதன் பின்னர் ஒவ்வோர் இரவும் அதே கோட்டையும் அதே காற்சட்டையையும் அணிந்தே அளந்தாராம். உங்களுள் ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை இரண்டே முறை பார்த்துவிட்டு மூன்றாவதைக் கற்பனையால் நிரப்புகிறவர்கள் இருந்தால், இந்தக் கோட்டைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாண்டுகள் இவ்வாறே சென்றன. எலியட் பொறுமை இழந்தார். அவ்வேளையில் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய இசையரங்கு கட்டும் திட்டம் எழுந்தது. அதற்கு ஆலோசனை கூறுமாறு ஸேபைனை அழைத்தார்கள். கையில் விதி ஒன்றும் இல்லாத நிலையில் அவர் தயங்கினார். 1898 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு, வீட்டில் தம் குறிப்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எதிர்முழக்கம் நீடிக்கும் காலமும் மெத்தைகளின் அளவும் ஒரு செவ்வக அதிபரவளைவில் அமைவதைக் கண்டார். உட்கிரகிக்கும் பொருள் இரு மடங்கானால் காலம் பாதியாகும். அறையின் கன அளவு இரு மடங்கானால் காலமும் இரு மடங்காகும். விதி அவ்வளவே. மீட்டர் அளவில் கூறினால், அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உட்கிரகிக்கும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்கக் காலம் விநாடிகளில் கிடைக்கும். உட்கிரகிப்பிற்கு அவர் வைத்த அலகு திறந்த சாளரம். வெளியே சென்ற ஒலி திரும்புவதில்லை அல்லவா? ஆதலால் ஒரு சதுர மீட்டர் திறந்த சாளரம் ஓர் அலகு. பூசிய சுவரில் ஒரு சதுர மீட்டர் அதில் நூற்றில் மூன்று பங்கு அளவுக்கே தேறும்.

ஃபாக் மண்டபத்தின் சுவர்களில் மயிராலாகிய தடித்த கம்பளத்தைப் பதித்து அதனைப் பயனுக்குக் கொண்டுவந்தார். பாஸ்டன் ஸிம்ஃபனி அரங்கு 1900 அக்டோபரில் திறக்கப்பெற்றது. ஒலிநயத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக் கட்டப்பெற்ற முதல் அரங்கு என்ற பெருமை அதற்கு உண்டு. இன்றும் உலகின் தலைசிறந்த இசையரங்குகளுள் ஒன்றாக அதை மதிக்கிறார்கள். ஸேபைன் 1919-இல், ஐம்பது வயதில் காலமானார்.

இவையெல்லாம் பெரிய அரங்குகளின் கதை. வீட்டுக்கு இதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஸேபைன் இருந்த காலத்தில் வீட்டில் இசை கேட்பது என்றால் கூம்பு வைத்த கிராமபோன் பெட்டிதான். அதன் மெலிந்த ஒலியில் சுவர்களுக்கு அதிக வேலை இல்லை. 1925-இல் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் ஒரு புதுவகை ஒலிபெருக்கியை விவரித்தார்கள். காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு. மின்னோட்டத்திற்கேற்பச் சுருள் முன்னும் பின்னும் அசையக் கூம்பு காற்றை அசைக்கும். நூறு ஆண்டுகள் கடந்தும் நம் வீடுகளில் ஒலிப்பவை பெரும்பாலும் இதே இனத்தவை. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. அவ்விரு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதிலும் தாழ்ந்த சுரங்கள் பெரிதும் அழிந்துபோகும். இதைத் தடுக்கவே ஒலிபெருக்கியைப் பலகையிலோ பெட்டியிலோ பொருத்துகிறார்கள். தாழ்ந்த சுரங்கள் முதன்முறையாக வீட்டுக்குள் புகுந்தன. அவற்றோடு அறையின் குற்றங்களும் வெளிப்பட்டன.

ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். என் வீட்டு முன்கூடம் ஏறத்தாழ இந்த அளவுதான். நீளத்தைப் போல் இருமடங்கு அலைநீளமுள்ள ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலை அலையாக நின்றுவிடும். அதன் அதிர்வெண் ஏறத்தாழ 29 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 57-உம் 86-உம் அவ்வாறே நிற்கும். அகலத்துக்குரியவை 43-உம் 86-உம். உயரத்துக்குரியது 57. கவனித்தீர்களா? நீளத்தின் இரண்டாம் அலையும் உயரத்தின் முதல் அலையும் 57-இல் சேர்ந்துகொண்டன. நீளத்தின் மூன்றாவதும் அகலத்தின் இரண்டாவதும் 86-இல் சேர்ந்துகொண்டன. கொத்தனார் கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண் விகிதத்தில் கட்டியதன் பயன், அறை சில சுரங்களை மட்டும் தானாகவே முழக்கிக் காட்டும். சுவரோடு ஒட்டிய நாற்காலியில் அமர்ந்தால் அம்முழக்கம் உச்சமாகக் கேட்கும். சுரத்துக்குச் சுரம் வெவ்வேறு இடங்களில் அது காணாமலும் போகும். ஒரே பாட்டை ஒரே அறையில் கேட்கும் இருவர், ஒருவர் மிருதங்கம் இடிக்கிறது என்றும் மற்றவர் மிருதங்கமே இல்லை என்றும் வழக்காடினால் இருவரும் உண்மையே பேசுகிறார்கள்.

ஒலிபெருக்கியை எங்கே வைப்பது என்பதிலும் இத்தகைய வழக்கு நெடுநாள் நடந்தது. பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில், அறையின் மூலையையே கருவியின் உறுப்பாக்கினார். அவருடைய ஒலிபெருக்கியின் கூம்பு வழி மடிந்து மடிந்து சென்று மூலையின் இரு சுவர்களில் முடியும். சுவர்களே கூம்பின் வாயாக நீளும். மூலை இல்லாத வீட்டில் அதனால் பயனில்லை. இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் எட்கர் வில்ச்சர். 1954-இல் அவரும் அவர் மாணவராயிருந்த ஹென்றி க்ளாஸும் அக்வுஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்திக் கூம்பைத் தாங்கச் செய்தார் வில்ச்சர். அலமாரியளவு பெட்டியிலிருந்து மட்டும் வரக்கூடியதாயிருந்த தாழ்ந்த சுரம், புத்தக அடுக்கில் வைக்கத்தக்க பெட்டியிலிருந்தும் வந்தது. இக்கம்பெனி அமைந்திருந்த ஊரும் ஸேபைன் மெத்தை சுமந்த அதே கேம்பிரிட்ஜ்தான்.

பெட்டி சிறிதானதும் மக்கள் அதனை எங்கு வேண்டுமானாலும் வைத்தார்கள்; அலமாரியின் மேல், கட்டிலின் கீழ், கதவின் பின். 1970-களின் தொடக்கத்தில் அக்கம்பெனியைச் சேர்ந்த ராய் அலிஸன் என்பார், மக்கள் வாழும் வீடுகளுக்கே சென்று அளந்து பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் சீராக ஒலித்த பெட்டி, வீட்டில் சில தாழ்ந்த சுரங்களில் பள்ளம் விழுந்ததுபோல் ஒலித்தது. பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலை கூம்பின் அசைவுக்கு எதிராக வந்து சேரும்போது அவ்வலிமை குறைகிறது. சுவரிலிருந்து 1 மீட்டர் தொலைவில் கூம்பு இருந்தால், 4 மீட்டர் அலைநீளமுள்ள ஒலி, அதாவது 86 ஹெர்ட்ஸ் அளவில், இக்குறை தோன்றும். தரை, பின்சுவர், பக்கச்சுவர் மூன்றுக்கும் கூம்பு சம தொலைவில் அமைந்தால் மூன்று பள்ளங்களும் ஓரிடத்தில் விழுந்து ஆழமாகிவிடும். மூன்று தொலைவுகளையும் வெவ்வேறாக வையுங்கள் என்பது இதிலிருந்து பெறப்படும் விதி. இதற்கு வேண்டிய கருவி தையற்காரரின் நாடா ஒன்றே.

இனி, ஒலிபெருக்கிக்கு மின்சக்தி ஊட்டும் கருவி. கடைகளில் ஆம்ப்ளிஃபயர் என்கிறார்கள். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்வாய்களுள்ள வால்வை அமைத்ததிலிருந்து இதன் வரலாறு தொடங்கும். 1927 ஆகஸ்டில் ஹெரால்டு பிளாக் என்ற பொறியாளர் படகேறி வேலைக்குச் செல்கையில், வெளிவரும் மின்னலையில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே செலுத்தினால் கருவி தன் பிழையைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே குறித்துக்கொண்டார். இந்த எதிர்ப் பின்னூட்டத்தைக் கையாண்டு 1947-இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸன் என்பார் 15 வாட் ஆற்றலும் ஆயிரத்தில் ஒரு பங்கே சிதைவும் உள்ள வால்வுக் கருவியின் அமைப்பைப் பத்திரிகையில் வெளியிட்டார். உலகெங்கும் ஆர்வலர்கள் அதைப் பார்த்துத் தாமே செய்துகொண்டார்கள்.

வால்வு ஒரு விளக்கு. எரிய எரியத் தேயும். தேய்ந்தால் பிடுங்கிவிட்டு வேறொன்று செருகலாம். என் தந்தையார் வீட்டு ரேடியோவில் அதைப் பார்த்திருக்கிறேன். பின்னர் வந்த டிரான்சிஸ்டருக்குத் தேய்மானம் மிகக் குறைவு. ஆயினும் வெப்பம் மிகுந்தாலோ, ஒலிபெருக்கிக் கம்பிகள் இரண்டும் தொட்டுக்கொண்டாலோ நொடியில் மாண்டுவிடும். அதன் அருகிலிருக்கும் ஈர வகை மின்தேக்கிகள் வேறு விதம். அவற்றுள்ளிருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல உலர்ந்துபோகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. ஆகவே ஓர் ஆம்ப்ளிஃபயரின் ஆயுளைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் காற்றோட்டத்தைப் பற்றிய கேள்வியே.

இவ்வளவும் படித்திருந்த நான் ஓய்வு பெற்றபின் செய்ததைச் சொல்லவேண்டும். பிள்ளைகள் சேர்ந்து எனக்கு ஒரு நல்ல இசைக்கருவி வாங்கித் தந்தார்கள். முன்கூடத்தில் வைத்தோம். மொஸைக் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை, நான்கு நாற்காலி. பாடகரின் சொற்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவனபோல் ஒலித்தன. சொல் விளங்கவில்லை என்று ஒலியைக் கூட்டினேன். முப்பது ஆண்டுப் பழக்கம் அவ்வளவு எளிதில் போகுமா? ஒலியைக் கூட்டினால் நேரே வரும் ஒலியோடு சுவர்களிலிருந்து வரும் முழக்கமும் அதே விகிதத்தில் கூடும். தெளிவு சிறிதும் கூடாது. மேலும், செவிக்கு ஒலி இரு மடங்காகத் தோன்றவேண்டுமானால் மின்னாற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். தூசி படியாதிருக்கட்டும் என்று கருவியைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வேறு பூட்டி வைத்திருந்தேன். ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் கருகிய நாற்றம் வந்தது. பழுது பார்க்க வந்த இளைஞர் மூடியைத் திறந்து, உப்பிப்போன மின்தேக்கிகளைக் காட்டி, “சார், இதை அடுப்புக்குள்ளே வைத்திருந்தீர்களா?” என்று கேட்டார்.

அவர் சென்றபின் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அறையின் கன அளவு 72. சுற்றுப்பரப்பு 108 சதுர மீட்டர். உட்கிரகிப்பு மூன்றேகால் அலகு. வெறும் அறையாகக் கொண்டால் எதிர்முழக்கக் காலம் ஏறத்தாழ மூன்றரை விநாடி. அதை அரை விநாடியைச் சற்றுக் கடந்த அளவுக்குக் கொண்டுவர இருபது அலகு வேண்டும். கெட்டித் திரைகளும் தரையில் ஜமுக்காளமும் வந்தன. புத்தக அலமாரி இடம் மாறியது. ஒலிபெருக்கிக்கு எதிர்ச்சுவரில் ஓர் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்திச் சாய்த்தேன். பெட்டிகளை அளந்து, தரைக்கும் இரு சுவர்களுக்கும் வெவ்வேறு தொலைவில் வைத்தேன். என் நாற்காலியைச் சுவரிலிருந்து முன்னே இழுத்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயர் திறந்த பலகையில் இருக்கிறது. முன்பு வைத்ததில் பாதியளவுகூட ஒலியைத் திருப்புவதில்லை. பாட்டின் சொல் ஒவ்வொன்றும் தெரிகிறது.

இதிலும் அளவு மீறக் கூடாது. 1951-இல் திறந்த லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் தாழ்ந்த சுரங்களின் முழக்கம் விரும்பியதைவிடக் குறுகிவிட்டது. இசை வறண்டது என்றார்கள். 1964 முதல் கூரையில் ஒலிவாங்கிகளையும் ஒலிபெருக்கிகளையும் மறைத்து வைத்து அம்முழக்கத்தைச் செயற்கையாக நீட்டினார்கள்.

பள்ளிக் கூடத்துக்கு நான் செய்ய முடிந்தது சிறிதே. தலைமையாசிரியனாக இருந்த கடைசி ஆண்டில், பின்சுவர் முழுவதும் தென்னை நார்ப் பலகை பதிக்க ஏற்பாடு செய்தேன். நிற்க வைத்த அந்த மாணவன் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே பள்ளியை விட்டுப் போய்விட்டான்.

வீட்டு மெத்தை இன்னும் சுவரோரம் நிற்கிறது. விருந்தினர் வந்தால் என் மனைவியார் அதை எடுத்து அவர்களுக்கு விரித்துவிடுகிறார். காலையில் நான் அதைச் சுமந்து வந்து பழைய இடத்தில் நிறுத்தும் வரையில் எங்கள் வீட்டில் பாட்டு வைப்பதில்லை.